பவுத்திரம்: கத்திக்கு முன் எந்தப் படம்?

மலவாசலுக்குப் பக்கத்தில் எந்த நோய் வந்தாலும் எம்மவர் அதற்கு வைக்கும் பெயர் ஒன்றுதான்: மூலம். காரத்தைக் குறைத்து, மோரைக் கூட்டி, இளஞ்சுடுதண்ணீரில் இருந்து எழும்பி மாதக்கணக்கில் சமாளிப்பார்கள். உள்ளாடையில் சீழ் படுவது மனைவிக்கு மட்டும் தெரியும். சில வீடுகளில் மனைவிக்கும் தெரியாது. ஜீ.பி.யிடம் போவதென்றால் ஆங்கிலத்தில் சொல்லவேண்டும். அதைச் சொல்லப் பிள்ளையைக் கூட்டிப்போக வேண்டும். பிள்ளைக்கு முன்னால் இதை எப்படிச் சொல்வது? ஆகவே போவதில்லை.

ஆனால் மூலம் வேறு, பவுத்திரம் வேறு. மூலம் என்பது மலவாசலின் உட்புறத்து இரத்தநாளங்கள் வீங்கிப் புடைப்பது. பவுத்திரம் என்பது மலவாசலின் உட்சுவரில் தொடங்கி வெளித்தோல் வரைக்கும் ஒரு சுரங்கப் பாதை உண்டாகிவிடுவது. பத்தில் ஒன்பது பேருக்கு இது உட்சுவரில் உள்ள ஒரு சிறு சுரப்பி அடைபட்டுச் சீழ் பிடிப்பதில் தொடங்குகிறது. அந்தச் சீழ் வெளியேற வழி தேடுகிறது. முதலில் கட்டி, நோவு, காய்ச்சல். பிறகு கட்டி உடைந்து ஒரு துளை. துளை மூடும்; சில கிழமையில் மறுபடி வீங்கும்; மறுபடி உடையும். "உடைஞ்சிட்டுது, இனிச் சுகம்" என்று நினைக்கிற ஒவ்வொரு தடவையும் உள்ளே பாதை அப்படியே இருக்கிறது. மருந்து குடித்து இந்தப் பாதை மூடுவது அரிது. பெரும்பாலும் சத்திரசிகிச்சைதான் வழி.

அந்தச் சத்திரசிகிச்சைக்கு முன்னர் வைத்தியர் "ஸ்கான் எடுக்கவேண்டும்" என்று சொல்லும்போது பலர் குழம்புகிறார்கள். துளை கண்ணுக்குத் தெரிகிறது, விரல் வைத்தால் நோகிறது, இதற்கு மேல் படம் எதற்கு? வெட்டிவிட்டால் போதாதா? ஊரில் என்றால் ஒரு நாளில் முடித்திருப்பார்களே என்றும் சிலர் முணுமுணுப்பதுண்டு.

படம் எதற்கு என்பதற்கு விடை மலவாசலைச் சுற்றி இருக்கும் தசையில் இருக்கிறது. அங்கே இரண்டு வளையத் தசைகள் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கின்றன. உள்வளையம் எமது விருப்பத்தைக் கேளாமல் தானாக இறுகி நிற்கும். வெளிவளையம் நாமாக இறுக்கிப் பிடிப்பது. காற்றையும் மலத்தையும் அடக்கி வைப்பது இவை இரண்டுமே. பவுத்திரப் பாதை இந்தத் தசைகளுக்கு இடையிலோ, அவற்றைத் துளைத்துக்கொண்டோ, அவற்றுக்கு மேலால் வளைந்தோ போகிறது. பாதையைத் திறந்துவிடுவதென்றால் அதன் கீழ் இருக்கும் தசையையும் வெட்டவேண்டும். கொஞ்சத் தசை என்றால் பரவாயில்லை. கூடுதலாக வெட்டுப்பட்டால் அடக்கும் சக்தி போய்விடும். முப்பது வயதுக்காரர் வாழ்நாள் முழுவதும் மாற்றுத்துணியோடு வேலைக்குப் போகவேண்டி வரும். பயந்து குறைவாக வெட்டினாலோ, உள்ளே ஒரு கிளைப்பாதை விடுபட்டுப் பவுத்திரம் திரும்ப வரும். இந்த இரண்டு ஆபத்துக்கும் நடுவில் சத்திரசிகிச்சை வைத்தியருக்கு வேண்டியது ஒரு வரைபடம். பாதை எங்கே தொடங்குகிறது, எந்தத் தசையை எந்த உயரத்தில் கடக்கிறது, கிளை உண்டா, எங்காவது சீழ் தேங்கி நிற்கிறதா என்ற நாலு கேள்விக்கும் வெளித்தோலில் தெரியும் துளை பதில் சொல்லாது.

இந்தப் பாதை வளைந்து வளைந்து போகும் என்பது பழைய வைத்தியர்களுக்கும் தெரிந்தே இருந்தது. சுசுருத சங்கிதை பவுத்திரத்தை ஐந்து வகையாகப் பிரிக்கிறது. ஒன்றுக்கு ஒட்டகக் கழுத்து என்றும் இன்னொன்றுக்குச் சங்கின் சுழி என்றும் பெயர். பிரான்சின் பதினான்காம் லூயி மன்னருக்கு 1686 நவம்பரில் பவுத்திரச் சத்திரசிகிச்சை நடந்தது. மன்னருக்குக் கத்தி வைக்க முன்னர் அந்த வைத்தியர் மாதக்கணக்கில் ஏழை நோயாளிகளின் உடம்பில் பழகிப் பார்த்தாராம். ஆங்கில நாவலாசிரியர் சார்ள்ஸ் டிக்கன்ஸுக்கும் 1841இல் இதே சத்திரசிகிச்சை நடந்தது. அதைச் செய்தவர் பிரெடெரிக் சல்மன். இலண்டனில் ஏழைகளுக்கென்றே 1835இல் ஏழு கட்டில்களோடு இந்த நோய்க்கு ஒரு வைத்தியசாலையைத் தொடங்கியவர் அவர்தான். அதுவே பின்னர் சென் மார்க்ஸ் வைத்தியசாலை ஆனது. மன்னருக்கும் எழுத்தாளருக்கும் வந்த நோய் எமக்கு வந்தால் மட்டும் ஏன் இவ்வளவு வெட்கம் என்று தெரியவில்லை.

சென் மார்க்ஸ் வைத்தியசாலைதான் இந்த விஷயத்தில் உலகத்துக்கே பாடசாலை. அங்கே அலன் பார்க்ஸ் என்ற வைத்தியரும் அவரது துணைவர்களும் 400 நோயாளிகளைப் பார்த்து, 1976இல் பவுத்திரப் பாதைகளை நாலு வகையாகப் பிரித்தார்கள். ஏறக்குறைய 45 வீதமானவை இரு தசைகளுக்கும் இடையால் இறங்குபவை. 30 வீதம் வெளிவளையத்தைத் துளைத்துப் போபவை. 20 வீதம் தசைகளுக்கு மேலாக ஏறி இறங்குபவை. மிச்சம் 5 வீதம் தசைகளுக்கு முற்றிலும் வெளியால் போபவை. சிக்கலான நோயாளிகளைத் தேடி அனுப்பும் இடம் அது. ஆகவே சாதாரண வைத்தியசாலைகளில் மேலால் ஏறும் வகைகள் இதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். இன்றைக்கும் உங்கள் ஸ்கான் அறிக்கையில் எழுதப்படுவது பெரும்பாலும் இந்த நாலில் ஒன்றுதான்.

விரலும் பழைய எக்ஸ்றேயும்

முதற் பரிசோதனை எப்போதும் விரல்தான். அனுபவமுள்ள வைத்தியர் விரலால் தடவியே உட்துளையையும் நார்போல் தடித்த பாதையையும் ஓரளவு கண்டுபிடித்துவிடுவார். 1900ஆம் ஆண்டில் சென் மார்க்ஸ் வைத்தியர் குட்சோல் சொன்ன ஒரு விதியும் உண்டு: வெளித்துளை மலவாசலின் முன்பாதியில் இருந்தால் பாதை நேராக உள்ளே போகும், பின்பாதியில் இருந்தால் வளைந்து பின்பக்க நடுக்கோட்டில் போய்த் திறக்கும். பல தடவை சரியாக வரும் விதி, ஆனால் எல்லாத் தடவையும் அல்ல.

எக்ஸ்றே மூலம் பார்க்கும் பழைய முறையில் வெளித்துளைக்குள் மெல்லிய குழாயை விட்டு, எக்ஸ்றேயில் தெரியும் மருந்தைச் செலுத்திப் படம் எடுப்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எக்ஸ்றேயில் தசை தெரியாது. தசை தெரியாவிட்டால் பாதை அதற்கு மேலேயா கீழேயா என்று எப்படிச் சொல்வது? சீழால் அடைபட்ட கிளைக்குள் மருந்தும் போகாது. நெதர்லாந்தில் 25 நோயாளிகளின் படங்களைச் சத்திரசிகிச்சையில் கண்டதோடு ஒப்பிட்டு 1985இல் வெளியிட்டார்கள். சரியாக இருந்தவை 16 வீதம், அதாவது நாலே நாலு பேருடையவை. இந்த முறை இப்போது பெரும்பாலும் கைவிடப்பட்டுவிட்டது. ஊரிலோ இந்தியாவிலோ முன்னர் எடுத்த அந்தப் படம் உங்களிடம் இருந்தால் கொண்டுபோய்க் காட்டுங்கள், ஆனால் அது இருப்பதால் புதிய ஸ்கான் தேவையில்லை என்று நினைக்கவேண்டாம்.

சீ.ரி. ஸ்கானும் இந்த வேலைக்குப் பொருத்தமில்லை. அதில் தசையும் பவுத்திரப் பாதையும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறத்தில் தெரியும்; கதிர்வீச்சும் உண்டு. இடுப்புக்குள் பெரிய சீழ்க்கட்டி இருக்கிறதா என்று இரவோடு இரவாக அவசரத்தில் பார்ப்பதற்கு அது உதவும், அவ்வளவுதான்.

ஆகவே உண்மையான போட்டி இரண்டுக்கு இடையில்தான்.

உள்ளே வைக்கும் அல்ட்றாசவுண்ட்

கர்ப்பிணிகளுக்கு வயிற்றின் மேல் வைத்துப் பார்ப்பது போன்ற ஒலி அலைதான் இதுவும். ஆனால் கருவி விரல் மொத்தமுள்ள ஒரு குழல். அதை மலவாசலுக்குள் மெதுவாக வைப்பார்கள். சுற்றிவர முழு வட்டமாகப் படம் விழும். இரண்டு வளையத் தசைகளும் இரண்டு வளையங்களாகவே திரையில் தெரியும். இந்தத் தசைகளை இவ்வாறு பார்க்கும் முறையை 1989இல் உலகுக்குக் காட்டியவர்களும் சென் மார்க்ஸ் காரர்களே. மயக்க மருந்து தேவையில்லை, கதிர்வீச்சு இல்லை, சில நிமிடத்தில் முடிந்துவிடும். பாதை தெளிவாகத் தெரியாவிட்டால் வெளித்துளையால் சிறிதளவு ஐதரசன் பெரொட்சைட்டை விடுவார்கள். அது நுரைக்கும், நுரையின் குமிழிகள் திரையில் வெள்ளையாக மின்னும், பாதை தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும்.

குறைகளும் உண்டு. ஒலி அலை தூரம் போகாது. வெளிவளையத் தசையைத் தாண்டி, பிட்டத்துக் கொழுப்புக்குள்ளோ மேலே இடுப்புக்குள்ளோ ஓடும் கிளைகளை அது தவறவிடும். ஏற்கெனவே ஒன்றிரண்டு தடவை வெட்டுப்பட்டவருக்கு, பழைய தழும்பு எது, புதிய பாதை எது என்று பிரித்தறிவது கடினம். சீழ் கட்டி நோவு கூடிய நேரத்தில் குழலை வைக்கவே முடியாது. அப்படியானவர்களுக்கும் சிறுவர்களுக்கும் கருவியை வெளித்தோலின் மேல் வைத்துப் பார்க்கும் வழியும் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, பார்ப்பவரின் கைப்பழக்கத்தில் தங்கியுள்ள பரிசோதனை இது.

எம்.ஆர்.ஐ.

இதில் உள்ளே எதையும் வைப்பதில்லை. காந்தக் குகைக்குள் அரை மணித்தியாலம் முதல் முக்கால் மணித்தியாலம் வரை அசையாமல் படுத்திருக்கவேண்டும். சத்தம் பெரியது, காதுக்கு அடைப்பான் தருவார்கள், கையில் அழைப்பு மணியும் தருவார்கள். படம் எடுக்கும்போது கொழுப்பின் வெளிச்சத்தை அணைத்துவிடும் ஒரு நுட்பம் உண்டு. கொழுப்பு கறுப்பாகிவிடும், சீழும் ஈரமும் உள்ள பாதை வெள்ளையாக ஒளிரும், பழைய காய்ந்த தழும்பு கறுப்பாகவே இருக்கும். இரவில் மலையுச்சியில் நின்று பார்த்தால் தெருவிளக்குகள் தெருவைக் காட்டுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இடுப்பு முழுவதும் தெரிவதால் தூரத்துக் கிளையும் ஒளித்திருக்கும் சீழும் தப்புவது குறைவு.

இவற்றில் எது மேல் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. சென் மார்க்ஸில் 104 நோயாளிகளுக்கு விரல் பரிசோதனை, உள் அல்ட்றாசவுண்ட், எம்.ஆர்.ஐ. மூன்றையும் செய்து, கடைசியில் நோய் எப்படி மாறியது என்பதையும் வைத்து ஒப்பிட்டு 2004இல் வெளியிட்டார்கள். பிரதான பாதையைச் சரியாக வகைப்படுத்தியது விரல் 61 வீதம், அல்ட்றாசவுண்ட் 81 வீதம், எம்.ஆர்.ஐ. 90 வீதம். உட்துளையைக் கண்டுபிடிப்பதில் மட்டும் அல்ட்றாசவுண்ட் அவ்வளவு பின்தங்கவில்லை: 91 வீதம், எம்.ஆர்.ஐ. 97 வீதம். பல ஆய்வுகளைச் சேர்த்துக் கூட்டிப்பார்த்த 2012ஆம் ஆண்டுக் கணக்கு ஒன்றும் உண்டு. அதில், உள்ள பாதையைக் கண்டுபிடிப்பதில் இரண்டும் சமம், ஒவ்வொன்றும் 87 வீதம். ஆனால் இல்லாததை "இல்லை" என்று சரியாகச் சொன்னதில் எம்.ஆர்.ஐ. 69 வீதம், அல்ட்றாசவுண்ட் 43 வீதம்தான். தழும்பைப் பாதையென்று நினைக்கும் குறை இங்கே தெரிகிறது.

என் பார்வையில் இவற்றை எல்லாம்விட முக்கியமானது 2002இல் வந்த இன்னொரு சென் மார்க்ஸ் ஆய்வு. பவுத்திரம் திரும்ப வந்த 71 நோயாளிகளுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துச் சத்திரசிகிச்சை வைத்தியர்களிடம் கொடுத்தார்கள். படம் காட்டியபடி எப்போதும் நடந்த வைத்தியர்களின் நோயாளிகளில் 16 வீதமானோருக்கே நோய் மறுபடி வந்தது. படத்தைப் பொருட்படுத்தாத வைத்தியர்களின் நோயாளிகளில் 57 வீதமானோருக்கு வந்தது. ஆகவே ஒரு தடவை வெட்டி மறுபடி வந்தவர்கள், இரண்டாம் தடவை மேசையில் ஏறுவதற்கு முன் எம்.ஆர்.ஐ. பற்றிக் கட்டாயம் கேட்கவேண்டும். கேட்பது வைத்தியரை அவமதிப்பது ஆகாது. இங்கே கேட்காதவரைத்தான் விளங்காதவர் என்று நினைப்பார்கள்.

அதற்காக எல்லோருக்கும் எம்.ஆர்.ஐ. வேண்டும் என்றில்லை. தோலுக்கு அருகில் ஓடும் நேரான, கிளையற்ற, முதற்தடவைப் பவுத்திரத்தை விரலால் பார்த்தே பாதுகாப்பாகத் திறந்துவிடலாம். உட்துளை எங்கே என்ற ஒரு கேள்விக்கு மட்டும் விடை வேண்டுமானால் அல்ட்றாசவுண்டே போதும். மயக்கம் கொடுத்துச் சத்திரசிகிச்சை அறையில் நேரடியாகப் பார்ப்பதும் ஒரு பரிசோதனைதான். சீழை வடித்து, சீற்றன் எனப்படும் நூலைப் பாதைக்குள் மாட்டிவிடும் வேலையும் அதோடு முடியும். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 34 பேரில் செய்த ஆய்வு 2001இல் வெளிவந்தது: அல்ட்றாசவுண்ட் 91, எம்.ஆர்.ஐ. 87, மயக்கத்தில் பார்ப்பது 91 வீதம் சரி. ஆனால் மூன்றில் எந்த இரண்டைச் சேர்த்தாலும் 100 வீதம். "ஒரு ஸ்கான் எடுத்தாச்சு, பிறகேன் இன்னொன்று?" என்று அலுத்துக்கொள்வோருக்கு இதுதான் பதில்.

அந்த மேயோ நோயாளிகள் குரோன்ஸ் என்ற குடல் நோயோடு பவுத்திரம் இருக்கலாம் எனச் சந்தேகிக்கப்பட்டவர்கள். வயிற்றோட்டம், நிறை குறைதல், வயிற்று நோவு இவற்றோடு பவுத்திரமும் இருந்தால் வைத்தியர் இதை நினைப்பார், காசநோயையும் நினைப்பார். குரோன்ஸ் நோய்க்குக் கொடுக்கும் சில ஊசி மருந்துகள் உடம்பில் தூங்கிக்கிடக்கும் காசநோயைத் தட்டி எழுப்பிவிடும். முன்னர் உங்களுக்கோ வீட்டில் ஒருவருக்கோ காசநோய் இருந்திருந்தால் மறைக்காதீர்கள். இந்த நோயாளிகளுக்கு மருந்தால் வெளித்துளை மூடிய பின்னும் உள்ளே பாதை ஈரமாக இருக்கும். அதை எம்.ஆர்.ஐ.யே காட்டும். ஆகவே சுகமான பின்னும் ஸ்கானுக்குக் கூப்பிடுவார்கள்.

எம்மவர் கட்டாயம் சொல்லவேண்டியவை

எம்.ஆர்.ஐ. அறை வாசலில் ஒரு படிவம் தருவார்கள். உடம்பில் உலோகம் உண்டா என்பது அதில் ஒரு கேள்வி. விளங்காமல் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று அடையாளம் போடுவது எம்மவர் வழக்கம். யுத்தத்தில் இருந்து வந்த எங்களில் எத்தனை பேருக்கு உடம்புக்குள் செல் துண்டும் சன்னமும் இருக்கின்றன! இரும்புத் துண்டைக் காந்தம் இழுக்கும், சூடாக்கவும் கூடும். கண்ணருகே, முள்ளந்தண்டருகே, பெரிய இரத்தக்குழாய் அருகே இருந்தால் பாரதூரமான ஆபத்து. சொன்னால், சாதாரண எக்ஸ்றே எடுத்துத் துண்டு எங்கே என்று பார்த்து முடிவு செய்வார்கள். பல வருடமாகத் தசைக்குள் இறுகிப்போன துண்டு என்றால் எடுக்கலாம் என்றும் சொல்லக்கூடும். முடியாது என்றால் உள் அல்ட்றாசவுண்ட் இருக்கிறது. காயம் எப்படி வந்தது, யார் அடித்தது என்ற கதை அங்கே வேண்டியதில்லை. எங்கே இருக்கிறது என்பது மட்டும் போதும்.

தாலிக்கொடி, காப்பு, தோடு எல்லாவற்றையும் கழற்றவேண்டும். தாலிக்கொடியில் கொழுவியிருக்கும் ஊசியும் கொண்டை ஊசியும் தங்கத்தைவிட ஆபத்தானவை, அவை இரும்பு. கழற்ற மனமில்லாத அம்மாமார் வீட்டிலேயே ஒரு மஞ்சள் நூலைக் கட்டிக்கொண்டு வருவது நல்லது. கர்ப்பமாக இருந்தாலோ சிறுநீரக வருத்தம் இருந்தாலோ ஊசி மருந்து போட முன்னர் சொல்லவேண்டும்.

இன்னொன்றையும் எழுதத்தான் வேண்டும். தடுப்பிலும் முகாமிலும் உடல் வதைக்கு ஆளானவர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள், ஆண்களும் பெண்களும். மலவாசலுக்குள் கருவி வைப்பது என்றதும் அவர்களுக்கு உடல் நடுங்கும். திகதி வந்தும் போகாமல் விடுவார்கள். அவர்கள் முழுக்கதையையும் சொல்லத் தேவையில்லை. "உள்ளே வைக்கும் பரிசோதனை எனக்கு முடியாது" என்ற ஒரு வசனம் போதும். வெளியிலிருந்தே எடுக்கும் எம்.ஆர்.ஐ.யையோ மயக்கத்தில் பார்ப்பதையோ ஒழுங்கு செய்யலாம். பெண் வைத்தியரைக் கேட்கலாம். அறையில் துணைக்கு ஒரு தாதி நிற்கவேண்டும் என்றும் கேட்கலாம்.

பிரித்தானியாவில் என்.எச்.எஸ். வைத்தியசாலைகள் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகத் தரும். திகதியை உறுதிப்படுத்தும்போதே கேட்டுவையுங்கள். நோர்வேயில் 2022 முதல் பிள்ளைகளை மொழிபெயர்ப்புக்குப் பயன்படுத்துவதையே சட்டம் தடுக்கிறது. தஞ்ச விண்ணப்பத்தின் முடிவுக்காகக் காத்திருப்பவர்களுக்கும் அகதியாக ஏற்கப்பட்டவர்களுக்கும் என்.எச்.எஸ். வைத்தியசாலையில் கட்டணம் இல்லை.

ஸ்கானுக்கு மாதக்கணக்கில் காத்திருக்கலாம். ஆனால் ஒரு நிலையில் காத்திருக்கக்கூடாது. மலவாசலருகே வீக்கம் கூடி, இருக்க முடியாத நோவும் காய்ச்சலும் குளிரும் வந்தால் அது தேங்கிய சீழ். அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகவேண்டும், நீரிழிவு உள்ளவர்கள் இன்னும் வேகமாக. அங்கே முதல் வேலை சீழை வடிப்பது, படமெல்லாம் பிறகு.

ஸ்கான் முடிந்ததும் அறிக்கையின் பிரதியையும் படங்கள் பதிந்த தட்டையும் கேட்டு வாங்கி வையுங்கள். இன்று குறொய்டனில் இருப்பவர் அடுத்த வருடம் லெஸ்ரரிலோ ரொறன்ரோவிலோ இருக்கக்கூடும். அங்குள்ள வைத்தியர் முதலில் கேட்கப்போவது பழைய படத்தைத்தான். எந்தத் தசை எப்போது வெட்டுப்பட்டது என்பதை நோயாளி வாயால் சொல்ல முடியாது. ஊரில் காரநூல் கட்டியிருந்தால், எத்தனை தடவை கட்டினார்கள் என்பதையும் அதே உறைக்குள் ஒரு துண்டில் எழுதி வையுங்கள்.